மோனேயின் ‘வசந்தம்’: உடைமேல் விழும் வெயில் ஏன் சுண்ணாம்புப் பொட்டாகிவிடுகிறது?

கேள்வி: மோனேயின் ‘வசந்தம்’ ஓவியத்தைப் பார்த்து 12×16 அங்குல கேன்வாஸ் போர்டில் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். புல்தரையில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணின் உடைமேல் விழும் வெயில், என் படத்தில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி தெரிகிறது. உடையும் அழுக்கு வெள்ளையாகிவிட்டது. எங்கே தப்பு?

பதில்:

பொட்டு வைத்த விதத்தில் தப்பு குறைவுதான். அதற்கு முன்னால் உடைக்கு என்ன நிறம் பூசினீர்கள் என்பதில்தான் சிக்கல். ‘வெள்ளை உடை’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டதுமே கை வெள்ளை ட்யூபைத் தேடிப் போகும். உடை முழுக்க வெள்ளையைப் பூசிவிட்டால், வெயிலுக்கென்று வைக்க அதைவிட வெளிச்சமான நிறம் பேலட்டில் மிஞ்சாது. பிறகு வெயிலை எடுத்துக்காட்ட உடையைக் கறுப்பு சேர்த்து மங்க வைப்போம். அங்கேதான் அந்த அழுக்கு வந்து சேர்கிறது. இந்தப் படத்தில் உடை என்பது நிழல். வெயில் அந்த நிழலில் விழுந்த சில ஓட்டைகள். இந்த வரிசை மாறாமல் வரைந்தால் பாதி வேலை தானாக முடியும்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். க்ளாட் மோனே இதை 1872-ல் வரைந்தார். எதுவார் மானே என்பவர் வேறு ஓவியர், இவர் மோனே. இந்தக் குழப்பம் அந்தக் காலத்துப் பாரிஸிலேயே இருந்தது. பாரிஸின் சாங்-லசார் நிலையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் போய்ச் சேர்கிற அர்ஜான்தோய் என்ற ஊருக்கு 1871 டிசம்பரில் அவர் குடிபோனார். அந்த வீட்டுத் தோட்டத்தில், லைலாக் புதர்களின் அடியில் உட்கார்ந்து படிப்பவர் அவருடைய மனைவி கமீல். இப்போது படம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 50×65.5 செ.மீ. அந்தக் காலத்து பிரெஞ்சுக் கடைகளில் சட்டமடித்துத் தயாராக விற்ற ‘15ஆம் எண் நிலக்காட்சி’ கேன்வாஸின் அளவு 65×50. உருவப்படத்துக்கென்று விற்ற 15ஆம் எண் 65×54, கொஞ்சம் உயரம் கூடியது. மனைவியை வரைய உட்கார்ந்தவர் நிலக்காட்சிக்கான அளவை எடுத்திருக்கிறார். இது கமீலின் முகச்சாயலைப் பதிவு செய்ய வரைந்த படம் இல்லை என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம். முகத்தில் செலவழித்த தூரிகைத் தொடுகைகளைவிடப் பாவாடையில் செலவழித்தவை பல மடங்கு.

உங்கள் போர்டின் அளவு நல்ல தேர்வு. 30.5×40.6 செ.மீ. என்பது மூலத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிற விகிதம். அகலத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் உயரத்தில் அரை சென்டிமீட்டர்தான் இடிக்கும், அதை மேல்விளிம்பு இலைகளில் வெட்டிவிடலாம். மூலத்தின் ஒரு சென்டிமீட்டர் உங்களுக்கு 6 மில்லிமீட்டர் ஆகிறது. தூரிகையின் அகலத்தையும் அதே கணக்கில் குறையுங்கள். பலர் இதை மறந்து, சின்னப் போர்டில் பெரிய படத்தின் தொடுகையைப் போடுகிறார்கள். பொட்டுகள் தடித்துப்போக அதுவும் ஒரு காரணம்.

இனி வெயில். மரத்தடியில் விழும் வெளிச்சத் துளிகள் இலை இடுக்குகளின் வடிவத்தில் இருப்பதில்லை. இடுக்கு முக்கோணமாக இருந்தாலும் கீழே வட்டமாகத்தான் விழும், ஏனென்றால் ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்து சூரியனின் பிம்பத்தையே தரையில் போடுகிறது. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் திண்டுக்கல், கோவை வழியாகப் போனபோது மரத்தடியில் தரையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். துளிகள் எல்லாம் வளையல் வளையலாக விழுந்தன.

வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரி. அதனால் துளியின் விட்டம், இடுக்குக்கும் துணிக்கும் உள்ள தூரத்தில் சுமார் 108-ல் ஒரு பங்கு. 2 மீட்டர் தள்ளியிருக்கும் கிளையின் சிறு இடுக்கு கிட்டத்தட்ட 2 செ.மீ. துளியைத் தரும், 3 மீட்டர் என்றால் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒரே புதரின் அடியில் விழும் தனித் துளிகள் அளவில் ரொம்ப வித்தியாசப்படாது. பெரியதாகத் தெரிபவை பல துளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கூட்டம், அல்லது பெரிய இடைவெளி வழியாக வந்த வெயில். ஓரம் கத்தியால் வெட்டினாற்போல இருக்காது, மங்கிக் கரையும்.

இன்னொன்று. சமதரையில் விழுந்த துளி, சூரியன் சாய்ந்திருந்தால் நீள்வட்டமாகும். சூரியன் 40 டிகிரி உயரத்தில் இருக்கும்போது நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. எல்லாத் துளிகளும் ஒரே திசையில்தான் நீளும். ஆனால் பாவாடை சமதரை இல்லையே. சூரியனைப் பார்த்துத் திரும்பிய மடிப்பில் துளி வட்டமாக நிற்கும், பக்கவாட்டில் சரியும் மடிப்பில் இழுபட்டு நீளும், மடிப்பின் மறுபக்கத்தில் விழவே விழாது. உங்கள் பொட்டுகள் எல்லாம் ஒரே வட்டமாக, மடிப்பைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது துணியில் அச்சிட்ட புள்ளி டிசைனாகத்தான் தெரியும். மோனே கோணம் அளந்து வைத்தவர் இல்லை, எதிரே பார்த்ததை வைத்தார். அவர் நேரில் பார்த்ததை நாம் படத்தில் பார்த்து வரைவதால்தான் நமக்கு இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

அடுத்து எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நிழல். வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். புல் 10 சதவீதம் போல. மரநிழலில் கிடைக்கும் ஒளி வெட்டவெளி வெயிலில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நிழலில் இருக்கும் வெள்ளை உடையும் வெயிலில் இருக்கும் புல்லும் ஏறக்குறைய ஒரே பிரகாசம்! மனது இதை ஒப்புக்கொள்ளாது. அலைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, உடையின் நிழல் பகுதியையும் பக்கத்துப் புல்லின் வெயில் பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிஜத்தில் நிழல் துணிக்கும் வெயில் துணிக்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும்போது, அதை மொத்தமாக வண்ணத்தில் காட்ட முடியாது. ட்யூபின் வெள்ளை என்பது ஒரு எல்லை, அதற்கு மேல் படியில்லை. அதனால் இம்ப்ரெஷனிஸ்டுகள், அதாவது மோனேயும் அவரைப் போல மாறும் வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற ஓவியர்களும் செய்தது, ஒளியின் அளவு வித்தியாசத்தைச் சுருக்கிவிட்டு, மீதியை நிற வித்தியாசத்தால் ஈடுகட்டியது. நிழல் குளிர்ச்சி, வெயில் சூடு. நிழலில் இருக்கும் துணிக்கு வெளிச்சம் நீல வானத்திலிருந்தும் பச்சை இலையிலிருந்தும் வருகிறது. ஆகவே அதில் நீலமும் ஊதாவும், புல்லை ஒட்டிய இடத்தில் பச்சையும் ஏறும். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலுக்கு இங்கே வேலையே கிடையாது.

வண்ணங்கள். 1870-களில் மோனே வட்டாரத்தில் புழங்கியவை ஈய வெள்ளை, குரோம் மஞ்சள், வெர்மிலியன், சிவப்புச் சாயவகை, கோபால்ட் நீலம், செயற்கை அல்ட்ராமரைன், விரிடியன் (நீலச்சாயல் பச்சை), எமரால்ட் பச்சை. இதில் எமரால்ட் பச்சை ஆர்செனிக் கலந்த விஷம், ஈய வெள்ளையும் நஞ்சு. மூலப்பொருளே வேண்டும் என்று தேடாதீர்கள். நீங்கள் வாங்க வேண்டியது டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், காட்மியம் மஞ்சள் (லைட்), காட்மியம் சிவப்பு (லைட்), பெர்மனென்ட் ரோஸ், கோபால்ட் நீலம், அல்ட்ராமரைன், விரிடியன். எட்டே ட்யூப். எமரால்டுக்குப் பதில் விரிடியனும் லெமன் மஞ்சளும் வெள்ளையும். கறுப்பு ட்யூபை இந்தப் படம் முடியும்வரை பெட்டியிலேயே வையுங்கள்.

டைட்டானியத்தில் ஒரு பிரச்சினை உண்டு. ஈய வெள்ளையைவிட அது மூடும் சக்தி அதிகம், குளிர்ச்சியும் அதிகம். கலவையில் கொஞ்சம் கூடினாலும் பக்கத்து நிறத்தை வெளுக்கடித்துவிடும். சுண்ணாம்பு மாதிரி தெரிவதற்கு இது நேரடிக் காரணம். அதனால் எந்தக் கலவையிலும் நிறத்தை முதலில் போட்டு வெள்ளையைப் பின்னால் சேர்க்காதீர்கள். ட்யூப் காலியாகும் வரை நிறுத்த முடியாது. வெள்ளையைக் குவித்து வைத்துவிட்டு அதற்குள் நிறத்தை ஊசிமுனையளவாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

உடையின் நிழலுக்கு: வெள்ளை 8 பங்கு, கோபால்ட் 1, ரோஸ் 1. கத்தியால் நன்றாகக் குழைத்தால் வெளிறிய ஊதா வரும். உங்கள் போர்டுக்கு ஒரு டீஸ்பூன் அளவு போதும். இதை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ரோஸும் காட்மியம் சிவப்பும் துளித்துளி சேர்த்து இளஞ்சிவப்புப் பக்கம் தள்ளுங்கள். இந்த உடையில் அந்தச் சாயல்தான் அதிகம். மூன்றாவதில் விரிடியன் கொஞ்சம். இது பாவாடையின் கீழ்ச்சுற்றுக்கு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரே வெளிச்சமாக, நிறம் மட்டும் மாறித் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தால் அதைத் திருத்திவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும்.

கோடு போட பென்சில் வேண்டாம். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த கோபால்ட்டில், சின்ன ரவுண்ட் தூரிகையால் நான்கே வடிவங்கள்: விரிந்து கிடக்கும் பாவாடை, உடம்பின் மேல்பகுதி, தொப்பியோடு சேர்ந்த தலை, மடியில் இருக்கும் புத்தகம். கண், மூக்கு எதுவும் வேண்டாம். பாவாடையின் விரிவுதான் இந்த உட்காரலின் அமைதியைத் தாங்குகிறது. அது குறுகினால் அந்தப் பெண் ஆற அமர உட்கார்ந்தவராக இல்லாமல், எழுந்து போகத் தயாராக இருப்பவராகத் தெரிவார். ஆகவே அகலத்தை மட்டும் இரண்டு தடவை அளந்துவிடுங்கள்.

பிறகு புல்லும் புதரும், நிழல் நிறத்தில் மட்டும், மெல்லியதாக. விரிடியன், அல்ட்ராமரைன், கொஞ்சம் ரோஸ். பச்சை ட்யூபை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், ரோஸ்தான் அதை அடக்கும். அடுத்து உடையின் மூன்று ஊதாக்கள், ஃபிளாட் தூரிகையில், மடிப்பு போகிற திசையிலேயே. தொப்பிக்கும் புத்தகத்துக்கும் அதே குவியல்கள்தான். பன்றிமுடித் தூரிகை நல்லது, தடம் தெரியட்டும். இந்தக் கட்டத்தில் வெயில் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. படம் மேகமூட்டமான நாளாகத் தெரிய வேண்டும்.

அப்படித் தெரிகிறதா என்று சரிபார்க்க மோனேவே ஒரு அளவுகோல் விட்டுப் போயிருக்கிறார். அதே காலத்தில், அதே அர்ஜான்தோய் தோட்டத்து லைலாக் புதரடியில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதை அவர் இரண்டு முறை வரைந்தார், ஒன்று மேகமூட்டத்தில், ஒன்று வெயிலில். மேகமூட்டப் படம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில், வெயில் படம் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில். கேன்வாஸும் ஏறத்தாழ அதே அளவு. இரண்டையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒரே பொருளை வெவ்வேறு வெளிச்சத்தில் வரைகிற பழக்கம், பின்னாளில் அவர் வரிசையாக வரைந்த வைக்கோல்போர் படங்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கே தலைகாட்டுகிறது. உங்கள் போர்டு இப்போது ஓர்சே படத்தின் மனநிலையில் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இப்போதே வெயில் மாதிரி பளிச்சென்று இருந்தால், ஊதாவில் வெள்ளை கூடிவிட்டது என்று அர்த்தம். வழித்தெடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள், மேலே மேலே பூசித் திருத்தப் பார்க்காதீர்கள்.

வெயில் கலவை: வெள்ளை 12 பங்கு, காட்மியம் மஞ்சள் ஊசிமுனையளவு, ரோஸ் அதிலும் பாதி. தூய வெள்ளையை வைத்தால் அது குளிர்ந்துபோய், நிலா வெளிச்சமாகிவிடும். எண்ணெய் எதுவும் சேர்க்க வேண்டாம், ட்யூபிலிருந்து வந்த கெட்டியிலேயே இருக்கட்டும். அடித்தளம் மெல்லியதாகவும் வெயில் தடிமனாகவும் இருப்பது அழகுக்காக மட்டுமில்லை. தடித்த வண்ணத்தின் மேடு, அறையின் வெளிச்சத்தைத் தானும் வாங்கிக் காட்டும்.

இதை இரண்டு விதமாக வைக்கலாம். அடித்தளம் இரண்டு மூன்று நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின் வைப்பது எளிது. ஈரத்திலேயே வைப்பதென்றால் ஒரு துளிக்கு ஒரே தொடுகை. வைத்தீர்கள், எடுத்தீர்கள், தூரிகையைத் துணியில் துடைத்தீர்கள், மறுபடி வண்ணம் எடுத்தீர்கள், அவ்வளவுதான். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அதே இடத்தில் இரண்டாவது தடவை இழுத்தால் அடியில் இருக்கும் ஊதா மேலே ஏறும், வெயில் செத்துவிடும். ஐந்து துளி துடைக்காமல் வைத்துப் பாருங்கள், ஐந்தாவது துளி நிழலின் நிறத்துக்கே வந்திருக்கும்.

முதலில் பெரிய கூட்டங்கள், ஏழெட்டு இடத்தில் போதும். மடிப்பின் வெளிச்சப் பக்கத்தில் மட்டும். பின்னால் சின்னத் துளிகள், அந்தக் கூட்டங்களிலிருந்து சிதறியவை போல. சமமான இடைவெளியில் தூவினால் திரும்பவும் அச்சுத்துணிதான். சில துளிகளின் ஓரத்தில் இளஞ்சிவப்புக் குவியலை லேசாகத் தொட்டுவையுங்கள், மங்கிய விளிம்பு கிடைக்கும். எல்லாத் துளிக்கும் அப்படிச் செய்யாதீர்கள். உடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் நிழல்தான் பொட்டாகத் தெரியத் தொடங்கும்.

உடையில் தொடங்கிய வெயில் உடையோடு நின்றுவிடக் கூடாது. பாவாடை ஓரத்தில் விழுந்த கூட்டம் அப்படியே இறங்கிப் புல்லிலும் தொடர வேண்டும், அங்கே மட்டும் நிறம் மாறி: லெமன் மஞ்சள், கொஞ்சம் விரிடியன், வெள்ளை. மேலே சொன்னேனே, நிழல் துணியும் வெயில் புல்லும் ஒரே பிரகாசம் என்று. இந்த இடத்தில் அது கைகொடுக்கும். இரண்டும் சந்திக்கும் விளிம்பு கிட்டத்தட்டக் காணாமல் போகும், புல் நுனி நாலைந்தை உடையின் மேலேயே ஏற்றிவிட்டால் ஆள் புல்லில் அமர்ந்துவிடுவார். சுற்றிலும் கறாராக விளிம்பு போட்டால் வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர் போலத்தான் இருக்கும். சமூக ஊடகங்களில் பார்க்கிற பெரும்பாலான நகல்களில் உடையைவிட இந்த விளிம்புதான் படத்தைக் கெடுக்கிறது.

முகத்தில் கை அடக்கம் தேவை. தலை குனிந்திருக்கிறது, இமைக்கு ஒரு தொடுகை, அவ்வளவே. வெயில் துளிகளை முகத்தில் இறைப்பது ஆபத்து. 1876-ல் நடந்த இரண்டாவது இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் ரெனுவார் என்ற ஓவியர் ஒரு பெண்ணின் வெற்றுடம்பின் மேல் இலைநிழலும் வெயிலும் விழுவதை வரைந்து வைத்தார். ‘ஃபிகாரோ’ நாளிதழின் விமர்சகர் அல்பேர் வோல்ஃப் அதைப் பார்த்துவிட்டு, பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக அழுகும் பிணத்தின் சதை என்கிற தொனியில் எழுதினார். கொடூரமான ஆள்தான், ஆனால் அவர் கண் சொன்னது முழுப் பொய் இல்லை. துணியில் ஊதா நிழலை ஏற்கும் கண், தோலில் அதே ஊதாவைக் காயமாகப் படிக்கும். தோலுக்கு இளஞ்சிவப்புக் குவியலில் காட்மியம் மஞ்சள் துளி சேர்த்து, ஊதாவை விலக்கிவிடுங்கள்.

பார்த்து வரைகிற பிரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் இந்த ஓவியத்துக்குப் பத்து நிறத்தில் பத்துப் பிரதி கிடைக்கும், சுவரொட்டிக் கடைப் பிரதிகளில் பச்சை கொதிக்கும். வால்டர்ஸ் அருங்காட்சியகம் தன் தளத்திலேயே உரிமைத் தடையில்லாமல் படத்தைத் தருகிறது, அதை மட்டும் எடுங்கள். திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்து, போர்டின் மேல் விழும் விளக்கொளிக்குச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒளிர்கிற திரையின் வெள்ளையோடு போட்டி போட்டுத்தான் பலர் வெள்ளையைக் கொட்டுகிறார்கள்.

இரண்டு தடவை செய்தும் துளிகள் சரியாக வரவில்லையென்றால், துளியே இல்லாத ஒரு படத்துக்குப் போய்விட்டு வாருங்கள். பெர்த் மோரிஸோ என்ற பெண் ஓவியர் 1873-ல் வரைந்த ‘வாசிப்பு’ இதற்குத் தோதானது. அவருடைய அக்கா எட்மா புல்வெளியில் உட்கார்ந்து படிக்கிறார், பக்கத்தில் பச்சைக் குடையும் விசிறியும் கிடக்கின்றன. 46×71.8 செ.மீ., இப்போது கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில். 1874-ல் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் இருந்த படம். அங்கே பெண்ணுக்கு மேலே மரமில்லை, திறந்த வெளியின் பரவலான வெளிச்சம். வெள்ளை உடையை வெள்ளையில்லாமல் வரையும் பாடம் மட்டும் தனியாகக் கிடைக்கும். அது கைக்கு வந்தபின் லைலாக் புதரடிக்குத் திரும்பினால், மேகமூட்டக் கட்டம் ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

அக்ரிலிக்கில் செய்பவர்களுக்கு: காய்ந்ததும் நிறம் ஒரு சாயல் இருளும். ஆகவே ஊதாக் குவியல்களைத் துண்டுக் காகிதத்தில் பூசிக் காயவைத்துப் பார்த்தபின்தான் போர்டில் பூச வேண்டும். வெயில் துளிக்குக் கெட்டி ஜெல் கலந்தால் மேடு நிற்கும்.

எண்ணெயில் வைத்த தடித்த துளிகள் மேலே தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், உள்ளே ஈரம் அதன் பிறகும் இருக்கும். சுவரில் சாய்த்து முகம் வெளியே பார்த்தபடி வையுங்கள், மேலே எதையும் மூடாதீர்கள். வார்னிஷுக்கு ஆறு மாதம் பொறுங்கள். பின்பக்கத்தில் ‘மோனேயைப் பார்த்து வரைந்தது’ என்று உங்கள் பெயரோடும் தேதியோடும் எழுதிவிடுங்கள். முன்பக்கத்தில் அவர் கையெழுத்தைப் போடக் கூடாது.